மூக்கு சார் தலையசைத்தால்

திங்கட்கிழமை, பகல்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, தம்பி மனைவி, பாப்பா, நான் எல்லோரும் நலம் என்றுதான் முதல் வரியை எழுத வேண்டும், எழுதிவிட்டேன், மீதியைப் படித்துவிட்டு அந்த வரியை நம்புவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். நீயும் உன் கப்பலும் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போன முறை கரையிலிருந்து பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது, கேட்டால் தூசி என்றாய், நடுக்கடலில் ஏதடி தூசி என்று போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெந்நீர் குடி. நீ அனுப்பிய போட்டோவில் மின்சாரப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாய், அந்தக் கையில் வளையல் தெரிகிறது, வேலை நேரத்தில் அதைக் கழற்றி வை என்று இன்னும் எத்தனை தடவை சொல்வது. பாப்பாவுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், நேற்று உன் தம்பியின் காதைக் கடித்து அவன் அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி மனைவி மறுபடி தையல் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், பகலில் பாப்பா என்னிடம். இப்போது தூங்குகிறாள், எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கடிதம் உன் கம்பெனி அலுவலகம் போய், அங்கிருந்து நீ அடுத்துத் தொடும் துறைமுகத்துக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்று தெரியும். தெரிந்தும் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ போனில் வந்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், இது அவர் காதில் விழக்கூடாத சமாச்சாரம்.

நீ பார்த்த ஊர் இப்போது இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வெறும் பொட்டலாகக் கிடந்ததே, அங்கே எண்ணிப் பார்த்தால் பதினேழு அடுக்குமாடிகள், அதற்கு அப்பால் இரண்டு தொழிற்பேட்டை, அதற்கும் அப்பால் ஒரு புது நகரமே வருகிறதாம். அப்பாவின் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டை இரண்டு லட்சம் பேருக்கு என்று கட்டினார்கள், இன்றைக்கு ஐந்து லட்சம் பேர் குளித்துக் கழுவிய தண்ணீர் வந்து அதன் வாசலில் நிற்கிறது. அதனால் பெரிதாக்குகிறார்கள், மூன்று புதுத் தொட்டிகள், முடியைவிட மெல்லிய துளை போட்ட வடிகட்டிகள், எல்லாம் முடிந்தால் சுத்தம் செய்த தண்ணீர் இப்போது போகிற மாதிரி தொழிற்சாலைக்கும் பூங்காவுக்கும் மட்டும் போகாமல் ஏரிக்கும் போய்ச் சேருமாம், அங்கிருந்து குழாய் வழியாக நம் வீட்டுக்கே வருமாம். அப்பாவுக்கு இதில் இருக்கிற பெருமையை நீ பார்க்க வேண்டுமே, வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுத்துவிட்டு, இன்னும் ஒரு வருஷத்துல நீங்க குடிக்கறது நான் பாத்து அனுப்புன தண்ணி என்கிறார், வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

சிரிப்பு அதோடு சரி. புது நகரத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தூரம் ஒரு பெரிய குழாய் போட்டிருக்கிறார்கள், ஒரு ஆள் குனிந்து நடக்கலாம் என்கிறான் தம்பி. பிளான்ட் வாசலில் ஏழு மீட்டர் ஆழத்தில் ஒரு கிணறு மாதிரி அறை கட்டி, குழாயின் வாயை இரும்புத் தகட்டால் அடைத்து வைத்திருக்கிறார்கள். தொட்டிகள் தயாரானதும் தகட்டைக் கழற்றி இணைப்பது என்று திட்டம். ஆனால் புது நகரத்தில் முதலில் கட்டி முடித்த அடுக்குமாடிக்காரர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, குடிவந்தார்கள், குழாயில் விட ஆரம்பித்துவிட்டார்கள், எட்டு மாதக் கழிவு அந்தத் தகட்டுக்குப் பின்னால் அசையாமல் கிடக்கிறது. இணைப்பு நாளில் அறைக்குள் இரண்டு பேர் இறங்கித் தகட்டின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். ஒருவன் ஒப்பந்தக்காரரின் ஆள். இன்னொருவன் பிளான்ட்டின் ஃபிட்டர், அதாவது உன் தம்பி. இந்த மாதம் இருபத்தேழாம் தேதி என்று குறித்திருக்கிறார்கள். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அங்கே எப்படி இறங்குவார்கள் என்று உனக்குத் தெரியும். எந்தக் குழியாக இருந்தாலும் மூடியைத் திறந்ததும் முதலில் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, முட்டி போட்டு, முகத்தைக் குழிக்குள் நீட்டி, பத்து எண்ணுகிற நேரம் மூச்சை இழுத்துப் பார்ப்பார். பிறகு தலையசைத்தால் இறங்கலாம், கையைக் குறுக்கே ஆட்டினால் கூடாது. இருபத்தெட்டு வருஷமாக இதுதான் அங்கே சட்டம். முட்டை அழுகிய வாடை இவ்வளவு இருந்தால் அரைமணி நேரம் திறந்து போடு, அவ்வளவு இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார், ஒரு ஆளுக்குக்கூட ஒன்றும் ஆனதில்லை, அதனால்தான் அவருக்கு மூக்கு சார் என்று பெயர் வைத்தார்கள். வாயுவைச் சோதிக்கிற மீட்டர் ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, சும்மா சும்மா கத்துகிறது என்று அதன் வாயை அடைத்து ஆணியில் மாட்டிவிட்டார்கள். மூக்கு சார் இருக்கும்போது அது எதுக்கு என்பதுதான் எல்லோர் பேச்சும். புதிதாக வந்திருக்கிற இன்ஜினியர் நன்றாகப் படித்த பையன், பெரியவர்களை மதிக்கிற பையன், அந்த மரியாதையில் அவன் என்ன செய்தான் தெரியுமா, இணைப்பு நாளுக்கான அனுமதிப் படிவத்திலேயே மூத்த ஆபரேட்டர் நேரில் முகர்ந்து பார்த்து அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, கீழே அப்பா கையெழுத்துப் போடக் கட்டமும் போட்டுவிட்டான். அப்பா அந்தப் படிவத்தில் ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டினார்.

அந்த மூக்கு செத்துப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது கண்ணு.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். படியில் இறங்கும்போதே கருகின வாடை தொண்டையை அடைத்தது, ஓடி வந்தால் பாத்திரம் கரியாகிப் புகைகிறது, அவர் அடுப்புக்கு நான்கடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார். இந்த மனிதரா, தெருமுனையில் வரும்போதே நேற்று வெட்டிய வெங்காயத்தை இன்று போட்டிருக்கிறேன் என்று கண்டுபிடித்து வாசலிலேயே சண்டை போட்டவர். நான் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு முதலில் தூக்கம் என்றார், பிறகு சளி என்றார், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நாளாவே எதுவும் தெரியல, சோப்பு தெரியல, மண்ணெண்ணெய் தெரியல என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன், கூடாது என்றார். இத வெளிய சொன்னா நான் அங்க யாரு, கேட்டுல உக்காந்து வர்ற வண்டிய எண்ணச் சொல்லுவாங்க, இன்னும் ரெண்டு வருஷம்தான், ஓட்டிடறேன் என்றார். அப்படி ஒரு முகத்தோடு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சரி என்றேன். தலையசைப்பதற்கு முன்னால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, திறந்துபோட்டு நேரம் பார்ப்பதாகவும், தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதாகவும், பழைய குழிகள் எல்லாம் மனப்பாடம் என்றும் சொன்னார். நானும் மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். புதுக் குழி எதுவும் மனப்பாடத்தில் இருக்காது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

உன்னை நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் விடுமுறையில் வந்தபோது எங்க கப்பல்ல மீட்டர் வெச்சுப் பாக்காம ஒருத்தரும் ஒரு தொட்டிக்குள்ளயும் தலைய நீட்டக்கூடாதுப்பா என்று நீ சொல்ல, உங்க கப்பல்ல மூக்கில்லாதவங்களாப் பாத்து வேலைக்கு எடுத்தாங்களா என்று அவர் கேட்டு, நாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சட்டையில் மாட்டிக்கொள்கிற மஞ்சள் மீட்டர் ஒன்று அவருக்கு நீ வாங்கி வந்தாயே, அதை அவர் ஒரு நாளும் மாட்டவில்லை. பிள்ளை வாங்கி வந்தது அழுக்காகிவிடும் என்று பெட்டியோடு கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். போன வாரம் நான் அதை எடுத்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன், கவிழ்த்தேன், தட்டினேன், ஒன்றும் இல்லை. இதற்கு ஆயுள் இரண்டு வருஷம், அதற்குமேல் வேலை செய்யாது என்று நீ சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷமும் கோப்பைகளுக்குக் காவல் இருந்துவிட்டு அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏன் திடீரென்று அதை எடுத்தேன் என்று கேட்பாய். பிளான்ட்டின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற பெண்ணை மருந்துக் கடை வரிசையில் பார்த்தேன், அவளுக்கு அப்பா விஷயம் எதுவும் தெரியாது, பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். புதுக் குழாய் பேச்சு வந்ததும் அவள் குரலைத் தணித்து, எட்டு மாசத் தண்ணிம்மா, எனக்கே பயமா இருக்கு என்றாள். அங்கதான் மூக்கு சார் இருக்காரே என்று யாரோ சொல்வதுபோல நான் சொன்னேன். அதுக்கு மூக்கு உதவாதும்மா, அந்தத் தண்ணியில ஊறுற வாயு கொஞ்சமா இருந்தாத்தான் அழுகின முட்டையா நாறும், அதிகமாச்சுன்னா மொதல்ல மூக்கத்தான் அடிக்கும், நாத்தம் நின்னுடுச்சுன்னா நல்லதுன்னு நெனைப்பாங்க, அப்பதான் ஓடணும், ரெண்டு மூச்சுல ஆள் விழுந்துடுவாங்க, அவரத் தூக்கப் போனவரும் விழுவாரு என்றாள். மேலே நின்று முகர்ந்தால் மேலே இருக்கிறதுதான் தெரியும், தகட்டைத் தளர்த்தும்போது பின்னால் இருக்கிறது மொத்தமாக வரும் என்றாள். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக அதை இழுத்தவர்களுக்கு மூக்கே போய்விடுவதும் உண்டு என்றும் சொன்னாள். நான் மருந்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். போன மாதம் மணல் தொட்டிக் குழியில் அப்பா தலையசைத்துத் தம்பி இறங்கிவிட்டு வந்து, கண் சிவந்து, வாசல் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான், வெயில் என்றார்கள் அப்பாவும் பிள்ளையும், நானும் எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தேன். வெயில் இல்லையடி அது.

மறுநாளே இன்ஜினியருக்குப் போன் போட்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன். என் பெயரைக் கேட்டதும் அவன், உங்க வீட்டுக்காரர் இல்லாம இந்த பிளான்ட்டே இல்லம்மா, இணைப்பு அன்னிக்கு மேடையில அவருக்கு மரியாதை செய்யப் போறோம், வீட்டுல சொல்லிடாதீங்க என்று ஆரம்பித்துவிட்டான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவருக்கு லீவு எத்தனை நாள் பாக்கி என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் இந்த வேலை உன்னுடையது. அவர் இந்த வீட்டில் யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது உன் பேச்சுதான். கடிதம் கிடைத்ததும் போன் செய், அம்மா எழுதினாள் என்று சொல்லாதே, உன் கப்பலில் யாருக்கோ இப்படி ஆனது என்று ஏதாவது கதை கட்டு, புது மீட்டர் வைக்காமல் இறங்கக்கூடாது என்று அவர் வாயாலேயே இன்ஜினியரிடம் சொல்ல வை. மானமும் போகாது, பிள்ளையும் பிழைப்பான். பாப்பா எழுந்துவிட்டாள், மீதியை நாளைக்கு எழுதி அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை, காலை

நேற்று எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன், நேரம் இல்லை, அப்படியே இருக்கட்டும்.

நேற்றுச் சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை வந்தது. நீ பேசும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், அப்பாவின் மூக்கு போனால் என்ன, தம்பிக்கு மூக்கு இருக்கிறதே, நீயே முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கடா என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போகிறது என்று. ஆய்வகப் பெண் சொன்னது நினைவில் இருந்தாலும், அரை மூக்காவது இருக்கட்டும் என்று மனம் அலைந்தது. ஏனோ சொல்வதற்கு முன்னால் ஒரு சோதனை பார்க்கத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்காதே, அவன் வாந்தி எடுத்த நாளிலிருந்தே எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இருவரும் வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் வாணலியில் வெங்காயத்தைப் போட்டு, தீயைக் கூட்டி வைத்துவிட்டு, சும்மா நின்றேன். வதங்கியது, சிவந்தது, கருகியது. கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி இருமிக்கொண்டே, அத்தே அடுப்புல என்ன என்று ஓடி வந்தாள். தொட்டிலில் பாப்பா தும்மினாள். மேஜையில் இருந்த இரண்டு பேரும் தலையைத் திருப்பவில்லை. மோட்டார் பெல்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஏங்க இவ்ளோ கருகியிருக்கு, ஒங்களுக்குத் தெரியலயா என்று தம்பியைக் கேட்டாள். அவன் சிரித்தான். எனக்கு எங்க தெரியுது, ரெண்டு மூணு மாசமாவே மூக்கடைப்பு, பாப்பா தலையில பால் வாசனை வருதுன்னு நீ சொல்ற, நானும் மோந்து மோந்து பாக்கறேன், ஒண்ணும் வரல என்றான். இத்தோடயா குழிக்குள்ள இறங்கற என்று அவள் கேட்டாள், நான் கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டாள். அதுக்கென்ன, அப்பா மூக்கு இருக்கே என்றான். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கெஞ்சினார் கண்ணாலே. நான் சொல்லியிருக்க வேண்டும், அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும், நீ என்ன திட்டினாலும் தகும், நான் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவரும் குனிந்து, கருகின வெங்காயத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார், எந்த முகச்சுளிப்பும் இல்லை. கை கழுவிக்கொண்டே அவர்தான் சொன்னார், இருபத்தேழாந்தேதி இல்ல, மழைக்கு முன்னாடி முடிக்கணுமாம், வர்ற வியாழக்கிழமையே இணைப்பு, காலைல ஒம்போது மணிக்கு என்று.

இன்று விடிந்ததும் அவர் ஷூவுக்கு நாடா கட்டும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைக்கும் இல்லையாமே, இனிமேலாவது சொல்லுங்கள் என்றேன். கட்டின நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். அப்புறம் என் கையைத் தட்டிக் கொடுத்து, நீ பயப்படாத, அவன மட்டும் அனுப்ப மாட்டேன், நானும் கூடவே இறங்கறேன் என்றார். அதைத் தைரியம் என்று நினைத்துச் சொல்கிறார். இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவருக்கு, எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட ஏழு மீட்டர் இறங்குவது சுலபமாக இருக்கிறது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். தம்பி பாப்பாவை முத்தமிட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போனான்.

உன் கப்பல் கரையைத் தொட இன்னும் ஒன்பது நாள். நீ இதைப் படிக்கும்போது வியாழக்கிழமை எப்போதோ முடிந்திருக்கும், உன்னிடம் கேட்ட உதவியை இனி யாரும் செய்ய முடியாது, அதனால் அதை விட்டுவிடு, உன்மேல் ஒரு பாரமும் இல்லை. தபால் பெட்டி பிளான்ட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. பாப்பாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, இதைப் பெட்டியில் போட்டுவிட்டு, நேராக இன்ஜினியர் அறைக்குப் போகப் போகிறேன். கண்ணாடி அலமாரியிலிருந்து உன் மஞ்சள் மீட்டரையும் எடுத்துக் கைப்பையில் போட்டிருக்கிறேன், செத்தது என்று தெரியும், மேஜைமேல் வைத்து, இதே மாதிரிதான் என் வீட்டுக்காரர் மூக்கும் என் பிள்ளை மூக்கும் என்று சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போனில் அடைத்த வாய் அங்கேயும் அடைத்துக்கொள்ளுமோ என்றுதான் பயம். சொல்லிவிட்டால் அப்பா என்னோடு இந்த ஜென்மத்தில் பேச மாட்டார். பேச வேண்டாம், பேசாமல் எதிரில் உட்கார்ந்து சாப்பிடட்டும், அது போதும் எனக்கு.

நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, நோய்நொடி இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், தொட்ட வேலை எல்லாம் துலங்க வேண்டும். வளையலைக் கழற்றி வை. கரை தொட்டதும், சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் போன் செய். அப்பா எடுத்து என்னைப் பற்றிக் கத்தினார் என்றால் அம்மா சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொள். நான் எடுத்தால், அப்பா கடைக்குப் போயிருக்கிறார், தம்பி தூங்குகிறான் என்று எதைச் சொன்னாலும் கேட்காதே, இருவரையும் கூப்பிடச் சொல், இருவர் குரலையும் உன் காதால் கேட்டுவிட்டு அப்புறம் என்னோடு பேசு.

உன் மேல் உயிராக இருக்கும்,
அம்மா